இன்னும் ஒரு அடி உள்ளே

என் அம்மா நிபியா பேருந்து நடத்துநர். மொந்தேவிதேயோ நகரின் வடக்கு ஓரத்தில் கொலோன் என்ற எங்கள் புறநகரிலிருந்து நகர மையத்துக்கும், அங்கிருந்து திரும்பக் கொலோனுக்கும் ஓடும் வண்டியில் வேலை. நான் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதே வண்டியில்தான். எனக்கும் பயணச்சீட்டு உண்டு. "கண்டக்டர் பொண்ணு ஓசியில போறான்னு எவளும் பேசக் கூடாது" என்று சில்லறையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் என் முகத்தையே பார்ப்பாள்.

அவளால் முடியாத காரியம் ஒன்று உண்டு. நிறுத்தத்தில் நிற்கிறவரை விட்டுவிட்டு வருவது. வண்டி பிதுங்கிக்கொண்டிருக்கும், அப்போதும் குரல் கொடுப்பாள். "உள்ள போங்க, இன்னும் ஒரே ஒரு அடி உள்ள. பின்னாடி எடம் இருக்கு, நான் பாத்துட்டேன்!" பின்னால் இடம் இருக்காது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் ஜனங்கள் வயிற்றை எக்கிக்கொண்டு எப்படியோ நகர்ந்துவிடுவார்கள். கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் கையிலிருக்கும் நாணயத்தால் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு. இரண்டு என்றால் எடு, ஒன்று என்றால் நிறுத்து. ஓட்டுநர் எல்பியோவுக்கும் அவளுக்கும் அது போதும்.

"நிபியா, இது பஸ்ஸா, மத்தி மீன் டப்பாவா?" என்று எல்பியோ கண்ணாடியில் பார்த்துக் கத்துவார்.

"மத்தி மீனும் வேலைக்குப் போகணும்ல, எடு வண்டிய!"

அக்டோபரில் ஒரு சனி ஞாயிறு எங்களுக்கு மரபு நாள். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மாளிகைகள், பழைய ஆலைகள், பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கிய தோட்ட வீடுகள் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். ஊரே வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாத்தே இலை போட்ட சுரைக்குடுக்கையைக் கையில் ஏந்தி உறிஞ்சியபடி வரிசையில் நிற்கும். அம்மா அந்த இரண்டு நாளும் விடுப்பு எடுத்துவிடுவாள். அவள் வீடு பார்க்கிற விதமே வேறு. எல்லோரும் சரவிளக்கை அண்ணாந்து பார்க்கும்போது இவள் சமையற்கட்டைத் தேடிப் போவாள். வழிகாட்டியிடம், "இத்தன பேருக்கு எத்தன கக்கூஸு? மழைக்காலத்துல துணிய எங்க காயப்போட்டாங்க?" என்று கேட்பாள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாதென்று ஒப்புக்கொள்கிறவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

நான் வரலாறு படித்தேன். எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கிய பிறகு என்னிடமும் அதே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவள் உள்ளே போகாத வீடு ஒன்றே ஒன்று. யூகலிப்டஸ் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் எங்கள் சாலையில், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கும் இரிசாரி வீடு. மாடியும் கோபுரமும் கொண்ட பெரிய வீடு. வாரிசுகள் வரி கட்டாமல் விட்டு, கடைசியில் நகராட்சியின் கைக்கு வந்தது. நகராட்சி அதற்குச் சங்கிலி போட்டுவிட்டு மறந்துபோனது. வேலை நாளெல்லாம், போகும்போதும் வரும்போதும் அம்மா அந்த வாசலைப் பார்த்தாள். "இத்தன ரூம வச்சுக்கிட்டு ஒரு ஆளக்கூட உள்ள விடாம நிக்குது பாரு" என்பாள், ஏதோ அந்த வீடு நிறுத்தாமல் போன பேருந்து போல.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு குழு அமைத்தபோது முதலில் கையைத் தூக்கியவள் அவள். கசாப்புக் கடை வில்மார், மருந்துக் கடை மில்கா, எல்பியோ, இன்னும் சிலர். மழை நாளில் தோர்த்தா ஃப்ரீத்தா பொரித்து விற்றார்கள். சூடான அந்த மாவு ரொட்டி இல்லாமல் எங்களுக்கு மழை மழையாகாது. அந்தக் காசில், நகராட்சி ஆள் வந்து கேட்டைத் திறந்துவிட்ட நாட்களில், வெளியிலிருந்தே சன்னல்களுக்குக் கண்ணாடி போட்டார்கள், கூரையில் ஒழுகலை அடைத்தார்கள். வாசக சாலை, பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு கூடம், கிழவர்களுக்குச் சீட்டாட ஒரு மேசை என்று ஆளாளுக்கு ஒரு கனவு. அம்மாவின் கனவு சின்னது. நினைத்த நாளில் உள்ளே போக ஒரு வீடு.

கடைசியில் நகராட்சி இறங்கி வந்தது. மரபு நாள் இரண்டு நாளைக்கு மட்டும் சாவி. மாடியில் ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் கூடாது. ஞாயிறு மாலை நகராட்சியின் பெண் ஆர்க்கிடெக்ட் சில்வேரா வந்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் சாவி குழுவிடமே இருக்கும். இல்லையென்றால் மறுபடி சங்கிலி. பொறுப்பாளர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை கடிகாரம் போல நடந்தது. வாசல் கேட்டில் எல்பியோ, படிக்கட்டின் அடியில் அம்மா, மாடிக் கூடத்தில் வழிகாட்டியாக நான். அம்மா பதினைந்து பேரை அனுப்புவாள். அவர்கள் இறங்கிய பிறகு அடுத்த பதினைந்து. நான் விதானத்தில் வரைந்திருந்த நான்கு பருவங்களின் ஓவியத்தைக் காட்டிப் பேசினேன். அந்த ஓவியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு பக்கத்துக்கு மேல் வராது. ஆனாலும் என் அண்டை வீட்டார் பிரசங்கம் கேட்பது போலத் தலையாட்டினார்கள். எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் வானம் உடைந்து கொட்டியது.

வரிசை கேட்டைத் தாண்டி, நிறுத்தத்தைத் தாண்டி, மரங்களுக்கு அடியில் நீண்டிருந்தது. குடை வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். எல்பியோ எல்லோரையும் தோட்டத்துக்குள் விட்டார். குழு ரொட்டி பொரிக்கப் போட்டிருந்த கொட்டாயிலும் சாரல் அடித்ததால் தோட்டத்திலிருந்து முன்கூடத்துக்கு வந்தார்கள். முன்கூடம் நிறைந்தது, கீழே இருந்த உணவுக்கூடம் நிறைந்தது. இன்னும் வாசலில் மழையில் ஆள். மாடியிலிருந்து என் காதில் விழுந்தது அந்தக் குரல்.

"உள்ள போங்க, இன்னும் ஒரு அடி உள்ள! மேல போங்க, மேல எடம் இருக்கு!"

முதலில் பதினைந்து இருபதாயிற்று. இறங்க வேண்டியவர்கள் கீழே கூட்டத்தைப் பார்த்துவிட்டு மேலேயே நின்றார்கள். பிறகு வில்மார் தன் மாமனார் குடும்பத்தோடு வந்தார். பிறகு மில்கா, கேமராவோடு. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஓவியம் நடுவில்தான் நன்றாகத் தெரியும் என்று நானே எல்லோரையும் கூடத்தின் நடுவுக்கு அழைத்தேன். ஈரத் துணியும் யூகலிப்டஸ் வாசனையுமாக அந்தக் கூடம் பேருந்து போலவே ஆகியிருந்தது.

கீழே நடந்ததை அம்மா பிறகு சொன்னாள்.

உணவுக்கூடத்தில் சுவரோரம் ஒரு கிழவர் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார். திடீரென்று குடுக்கையை நீட்டிக் கத்தினார். "எவன் என் மாத்தேயில சக்கரை போட்டது?"

மாத்தேயில் சர்க்கரை போடுவது எங்கள் ஊரில் தாயைப் பழிப்பதற்குச் சமம். எல்லோரும் சிரித்தார்கள். "பேத்தி போட்டிருப்பா, தாத்தா! ஒங்க கசப்பு கொஞ்சம் கொறையட்டும்னு!"

"சிரிக்காதீங்கடா. பாருங்க, வெள்ளையா இருக்கு!"

அம்மா குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சை இலை மேல் வெள்ளைப் பொடி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் விழுந்தது. அண்ணாந்தாள். மேலே சுண்ணாம்புப் பூச்சில் ஒரு விரிசல், சுவரிலிருந்து புறப்பட்டு நடுவிலிருந்த பூ வேலைப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தப் பூவே கீழ்நோக்கிப் பிதுங்கியிருந்தது. அதற்கு மேல்தான் நாங்கள் நின்றோம்.

அவள் கத்தவில்லை. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் நாணயத்தால் ஒரே ஒரு தட்டு தட்டினாள். வாசலில் நின்ற எல்பியோ திரும்பினார். அவள் மேலே கண்ணைக் காட்டினாள். அவர் முகம் மாறியது.

"தோர்த்தா ஃப்ரீத்தா ரெடி! கொட்டாய்க்கு வாங்க எல்லாரும், சூடா இருக்கு, ஆறினா ரப்பர்!" என்று எல்பியோ கூவினார். உணவுக்கூடம் காலியாகத் தொடங்கியது. அம்மா படியேறினாள். படிக்கட்டு பளிங்குக் கல், அது தாங்கும். மாடிக் கூடத்தின் தரைதான் மரம்.

அவள் கதவருகே வந்து நின்றதை நான் பார்த்தேன். கோபமா என்று நினைத்தேன். பேருந்தில் ஒருமுறை ஒருவன் கத்தியை எடுத்தபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது: ஒன்றுமே எழுதாத முகம்.

"யானினா," என்றாள், சாதாரணக் குரலில். "அந்தச் செவுத்துல இருக்கிற காகிதத்தப் பத்தி இவங்களுக்குச் சொன்னியா?"

"எந்தக் காகிதம், அம்மா?"

"செவுத்துக் காகிதம். பூப்போட்டது. எல்லாரையும் செவுத்தோரம் கூட்டிட்டுப் போய்க் காட்டு. நாலு செவுரும். பேசிக்கிட்டே இரு."

சுவரில் அலங்காரத்துக்காக ஒட்டியிருந்த அந்தப் பூக் காகிதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கையில் நாணயத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். என் காலடியில் பலகை மெல்ல முனகியதும் அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்தே முனகியதா, இப்போதுதானா என்று தெரியவில்லை.

"வாங்க, இந்தக் காகிதத்தக் கிட்ட வந்து பாருங்க," என்றேன். "இது பிரான்சுலேர்ந்து கப்பல்ல வந்தது. ஒவ்வொரு சுருளும் ஒரு குழந்த கனம். இந்தப் பூவுல ஒரு எடத்துல தப்பு பண்ணியிருக்காங்க, கண்டுபிடிங்க பாப்போம். மெதுவா, ஒவ்வொருத்தரா, செவுத்தத் தடவிப் பாருங்க." அத்தனையும் அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஆதாரமில்லாமல் ஒரு வாக்கியம் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டவள் நான். என் பேச்சு யாருக்காவது உண்மையிலேயே தேவைப்பட்டது அந்த ஒரு தடவைதானோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஜனங்கள் சுவரோரம் நகர்ந்தார்கள். கதவுப் பக்கச் சுவரிலிருந்து அம்மா ஒவ்வொருவராக வெளியே எடுத்தாள்.

"எறங்குங்க, எறங்குங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். ஓடாதீங்க, படி வழுக்குது."

"வெசினா, இப்பத்தானே மேல போ மேல போன்னு தள்ளின?" என்றார் வில்மார். அண்டை வீட்டுப் பெண்ணை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். "இப்ப எறங்குன்னா? ஒன் பஸ்ஸுலயாவது ஸ்டாப்பு வந்தாத்தான் எறக்குவ."

"ஸ்டாப்பு வந்திருச்சு, வில்மார். ஒன் மாமனாரக் கையப் பிடிச்சு எறக்கு."

"இவரு ஒருமணி நேரம் மழையில நின்னிருக்காரு..."

"வில்மார்." அவ்வளவுதான் சொன்னாள். வில்மார் அவள் கண்ணைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கூடத்தின் நடுப்பகுதி தொட்டிலைப் போல லேசாகத் தாழ்ந்திருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு மாமனாரின் தோளைப் பிடித்தார். அதன்பிறகு அவரும் கிசுகிசுப்பாக, "வாங்க வாங்க, கீழ ரொட்டி தீந்துரும்" என்று மற்றவர்களை இறக்கத் தொடங்கினார்.

பாதிப்பேர் போயிருப்பார்கள். அப்போது கீழே ஒரு பெரிய சத்தம். பூ வேலைப்பாடு பெயர்ந்து, காலியான உணவுக்கூடத்தில் விழுந்திருந்தது. மாடியில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். எல்லோரும் ஒரே சமயத்தில் கதவைப் பார்த்தார்கள். அடுத்த நொடி ஓடியிருப்பார்கள்.

அம்மா கதவுக் கம்பியில் நாணயத்தால் ஒரு தட்டு தட்டினாள். எங்கள் ஊரில் எல்லோரும் அந்த வண்டியில் வளர்ந்தவர்கள். நின்றார்கள்.

"யாரும் ஓடப்போறதில்ல," என்றாள். "கீழ பூச்சு விழுந்திருக்கு, அவ்ளோதான். செவுத்தோட முதுக ஒட்டிக்கிட்டு வாங்க. எப்பவும் பின்னாடி போங்கன்னு சொல்லுவேன்ல, இன்னிக்கு எல்லாரும் முன்வாசல் வழியா எறங்கலாம். பஸ்ஸுல எத்தன நாளா கேட்டீங்க, வாங்க."

யாரோ மூச்சோடு சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. கடைசியில் மூன்று பேர் மிச்சம்: கதவருகே அம்மா, எதிர்ச் சுவரில் சன்னலோரம் நான், கூடத்தின் நடுவில் மில்கா. கேமராவை விதானத்தை நோக்கித் தூக்கியவள் தூக்கியபடி உறைந்திருந்தாள்.

"மில்கா, வா."

"கால் வர மாட்டேங்குது, நிபியா. அசைஞ்சா ஒடையும்."

"ஒடையாது. என்னப் பாரு. தரையப் பாக்காத. போன வாரம் எனக்கு இருமல் மருந்து குடுத்தியே, அது என்ன கருமம், தார் மாதிரி?"

"அது... அது நல்ல மருந்துதான். ரெண்டு வேள..."

"ரெண்டு வேள என்ன? சொல்லிக்கிட்டே வா. சின்னச் சின்ன அடியா."

"சாப்பாட்டுக்கப்புறம்... ரெண்டு ஸ்பூன்..." மில்கா சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் பலகை முறுகியது. நீட்டிய கைக்கு எட்டியதும் அம்மா அவளை இழுத்துப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"செவுத்தப் பிடிச்சுக்கிட்டு வா, யானினா."

நான் என் பொய்க் காகிதத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தேன். மூலையில் திரும்பும்போது எனக்குப் பின்னால் நடுப்பலகைகள் முறிந்து கீழே போயின. தூசி எழும்பிக் கண்ணை மறைத்தது. அவள் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது மட்டும் தெரியும்.

தோட்டத்துக் கொட்டாயில் எல்லோரும் நனைந்தபடி நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆர்க்கிடெக்ட் சில்வேரா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். எங்கள் குழுவுக்காக நகராட்சியில் சண்டை போட்டவரே அவர்தான். உடைந்த தரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மழைனால கூட்டம் முண்டியடிச்சு மேல போயிருச்சு. உங்களால தடுக்க முடியல. அப்படித்தானே, நிபியா?"

எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தார். அப்படிச் சொன்னால் அது விபத்து, குழுவின் தவறில்லை. பழுது பார்த்தபின் சாவி எங்களுக்கே வரலாம்.

"ஆமா, ஆர்க்கிடெக்ட் மேடம், நாங்கதான் தள்ளினோம்!" என்றார் வில்மார்.

"நானும் தள்ளினேன்," என்றாள் மில்கா.

"நான்தான் மொதல்ல தள்ளினேன்," என்றார் மாத்தேக் கிழவர். அவர் மாடிப்பக்கமே போகாதவர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். சும்மா இரு, ஆமாம் என்று சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் எத்தனை ஆசையோடு அந்த வாசலைப் பார்த்தாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அம்மா கழுத்திலிருந்த கயிற்றைத் தலைக்கு மேலாக எடுத்தாள். அதில்தான் சாவி.

"யாரும் தள்ளல. பதினஞ்சுன்னு எங்கிட்டச் சொன்னீங்க. இன்னும் ஒரு அடி உள்ளன்னு நான்தான் சொன்னேன். நான் சொன்னா இவங்க போவாங்க, எனக்குத் தெரியும்." சாவியை அவர் கையில் வைத்தாள். "தள்ளிட்டாங்கன்னு எழுதினா, இவங்க ஒழுங்கில்லாத ஜனம்னு ஆயிரும். அப்புறம் எந்த வீட்டையும் இவங்களுக்குத் தொறக்க மாட்டீங்க."

சில்வேரா சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டார். இருட்டுவதற்குள் நகராட்சி ஆட்கள் வந்து கேட்டில் சங்கிலி போட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கேட்டேன், "ஒரு வார்த்த, அம்மா. ஒரே ஒரு வார்த்தைக்கு வீடு நம்மகிட்டயே இருந்திருக்கும்."

"நீ ஊருக்கே செவுத்துக் காகிதக் கத சொன்னியே, அது போதும் இன்னிக்கு," என்றாள். அவள் சரியா, நாங்கள் சரியா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. படித்ததை எல்லாம் அடுக்கிப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அதில் இடமில்லை.

வில்மார் அவளோடு பேசுவதை நிறுத்தினார். கசாப்புக் கடையில் இறைச்சியைக் காகிதத்தில் சுற்றி, முகம் பார்க்காமல் கொடுப்பார். குழுவில் மற்றவர்களும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள். பேருந்தில் அவள் குரல் குறைந்துவிட்டதென்று எல்பியோ என்னிடம் தனியாகச் சொன்னார். "நிறுத்தத்துல ஆள் நிக்குது, இவ ஒண்ணும் சொல்லாம ரெண்டு தட்டு தட்டிடறா. எனக்கே சங்கடமா இருக்கு."

நவம்பரில் ஒரு காலை, மறுபடி மழை. நானும் அந்த வண்டியில் இருந்தேன். பின்வரிசை அருகே வில்மார் கம்பியைப் பிடித்து நின்றார். வண்டி இரிசாரி வீட்டுக்கு எதிரே நின்றது. நிறுத்தத்தில் பெரிய கூட்டம், பாதிப்பேர் குடையில்லாமல். நான்கைந்து பேர் ஏறியதும் படி நிறைந்துவிட்டது. எல்பியோ கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா நாணயத்தை விரலிடுக்கில் பிடித்திருந்தாள். சன்னலுக்கு வெளியே கேட்டில் சங்கிலி நனைந்து மின்னியது. வெளியே ஒரு கர்ப்பிணி தலையில் பையை வைத்துக்கொண்டு இவளையே பார்த்து நின்றாள்.

தட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வண்டி முழுக்க அப்படித்தான் நினைத்தது.

"உள்ள போங்க," என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "இன்னும் ஒரு அடி உள்ள. பின்னாடி எடம் இருக்கு."

யாரும் அசையவில்லை. பிறகு பின்னாலிருந்து வில்மாரின் குரல்.

"வெசினா, இதுக்குக் கீழ யாரும் மாத்தே குடிக்கலையே?"

வண்டி முழுவதும் சிரித்தது. வில்மார் தன் தொப்பையை எக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னாலிருந்தவர்களும் நகர்ந்தார்கள். கர்ப்பிணி ஏறினாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். அம்மா சிரிக்கவில்லை. கீழே குனிந்து, எல்லோருடைய கால்களுக்கும் நடுவில் வண்டியின் தரையை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள்.